உப்பிட்ட சார்சி

தீவின் வடக்கே ஈசூனில் வசிக்கும் ஜூலியஸ் ஒழுங்கில் நாட்டமுள்ளவர். அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். வேலைக்குக் கிளம்புமுன் சட்டைப்பையிலுள்ள பேனாவைத் தொட்டுப் பார்ப்பார். சைக்கிளில் ஏறுமுன் இரண்டு சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். தேவாலயத்தில் இடப்புறம் நான்காவது பெஞ்சைத் தவிர வேறெங்கும் அமரமாட்டார். ஐம்பத்தாறு வயதாகியும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேக்காச் சந்தையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுத் தீவை முழுச்சுற்றாகச் சுற்றித் தேக்காவிலேயே வந்து முடிப்பதை அவர் விட்டதில்லை.

அவ்வாறு நெடுந்தூரம் செல்கையில் அவருக்கு இன்றியமையாத துணை ஒன்று உண்டு. அது சார்சி. கறுப்பு நிறமும் வலிநிவாரணத் தைலத்தின் வாசமும் கொண்ட அந்தக் குளிர்பானத்தைச் சிலர் முகஞ்சுளித்தே குடிப்பர். ஜூலியஸுக்கோ அது தேன். வழியிலுள்ள காப்பிக் கடைகளில் ஒரு டின் வாங்குவார். சைக்கிளில் மாட்டியிருக்கும் குப்பியில் ஊற்றுவார். இருக்கைக்கு அடியிலுள்ள சிறு பையிலிருந்து காகிதத்தில் மடித்த உப்பை எடுத்து ஒரு சிட்டிகை போடுவார். நுரை புசுபுசுவென்று பொங்கி வழியும். அது அடங்குமட்டும் பொறுத்திருந்து, குப்பியைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே மூடுவார். உடற்சூட்டுக்கு உப்பிட்ட சார்சி நல்லது என்பது இவ்வூரில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு. காற்றை வெளியேற்றுவது மட்டும் ஜூலியஸ் பட்டுத் தெரிந்துகொண்டது. முதன்முறை அப்படியே ஊற்றி மூடிக்கொண்டு கிளம்பியதில், சாங்கிப் பக்கம் ஒரு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது மூடி தெறித்து, பின்னால் வந்த நண்பர் நசீரின் முகத்தில் சார்சி அபிஷேகமே நடந்துவிட்டது. நசீர் அதை இன்றளவும் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

அவ்வாண்டு கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே வாரத்தில் வந்தன. அதற்குச் சில நாள் முன்பு, ஜூலியஸின் மனைவி ரெனீயின் கழுத்தில் தென்பட்ட சிறு கட்டியில் ஊசி செலுத்திப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்திருந்தனர். ரெனீயுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்றவள் அவளுடைய தங்கை. ஜூலியஸ் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

வேலை இருந்தது உண்மையே. ஆயினும் அதுவே காரணமன்று. பல ஆண்டுகளுக்கு முன் தம் தாயாரின் பரிசோதனை முடிவைக் கேட்க அவர் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் மேசைமீது வேறொன்றும் இல்லை. ஒரு டிஸ்யூப் பெட்டி மட்டும் இருந்தது. மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அன்றுமுதல் அவர் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் வரவேற்பு மேசையைத் தாண்டிப் போனதில்லை.

ஆகவே தம்மால் இயன்ற வேறொன்றைச் செய்தார். திருநீற்றுப் புதன் மாலை, நெற்றியில் சாம்பலுடன் பேருந்தில் வீடு திரும்புகையில், ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். தவக்காலம் முடிந்து வரும் உயிர்ப்புப் பெருவிழா வரையில் சார்சியையோ காற்றடைத்த வேறெந்தப் பானத்தையோ தொடுவதில்லை. அதற்கு ஈடாக ரெனீயின் கட்டி கெட்டதாக இருக்கலாகாது. தவக்காலக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் சேருவதில்லை என்று சொல்லி, அவருடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்த பலர் அன்று மட்டும் விட்டதைத் தொட்டுக்கொள்வதுண்டு. ஜூலியஸ் அந்தச் சலுகையையும் தமக்கு மறுத்துக்கொண்டார். சார்சியை விட்ட செய்தி வீட்டுக்கும் நண்பர்களுக்கும் தெரியும். எதற்காக விட்டார் என்பது எவருக்கும் தெரியாது. நேர்ச்சையை மீறினால் முடிவு மாறிவிடுமோ என்ற அச்சம் அவர் நெஞ்சில் ஓர் ஆணிபோல் இறங்கியிருந்தது. முடிவு வரும் நாள் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் அம்மாதச் சுற்று.

விடியுமுன் தேக்காவில், இறக்கி வைக்கப்பட்டிருந்த காய்கறிக் கூடைகளுக்கு அருகே, ஜூலியஸ் குப்பிகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். உடன் வந்தவர் ரத்னவேல், அவருக்குக் கீழ் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர், வாய்த்துடுக்கு மிகுந்தவர். வழக்கமாக மூன்றாவதாக வரும் நசீர், டன்லப் தெருவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருப்பவர், நோன்பு மாதமாதலால் சைக்கிளைத் தொடுவதில்லை. "லிம் சூ காங் பக்கம் வந்தா கூப்பிடு, வேன்ல வந்து கை காட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் வீடு சுவா சூ காங்கில் இருந்தது.

"அண்ணே, ரெண்டு பாட்டில்லயும் வெறும் தண்ணியா?" என்றார் ரத்னவேல்.

"தவக்காலம்பா."

"அது தெரியும் லா. சார்சிக்குப் பதிலா ஏதாச்சும் ஊத்திக்கிட்டீங்களான்னு கேட்டேன்."

"தண்ணிக்கு மேல என்ன வேணும்? ஆண்டவர் பாலைவனத்துல இருந்தாரே."

"அவர் சைக்கிள்ல போகல அண்ணே."

ஜூலியஸ் சிரிக்கவில்லை. இருவரும் புறப்பட்டனர். காலாங், ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி என்று கிழக்குப் பக்கம் குளிர்ந்த காற்றில் சுகமாகவே கழிந்தது. சார்சி இல்லாமலும் கால்கள் சொன்னபடி கேட்பதைக் கண்டு ஜூலியஸ் உள்ளூர மகிழ்ந்தார். இத்தனை காலமும் அந்தப் பானம் வெறும் நாக்கு ருசிக்காகத்தான் இருந்திருக்கிறது. விட்டது சரியான பொருளைத்தான் என்று எண்ணிக்கொண்டார்.

பொங்கோலைக் கடந்து ஈசூனை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் தரைத்தளத்தில் ரெனீ ஒரு பையுடன் நின்றிருந்தாள். ஒவ்வொரு மாதமும் அவள் அங்கே நின்று வாழைப்பழமும் குளிர்ந்த டின்னும் தருவது வழக்கம். கழுத்தில் ஊசி குத்திய இடத்தை மறைக்க ஒரு மெல்லிய துணியைச் சுற்றியிருந்தாள்.

"டின் கொண்டு வரல. கண்ணுல பட்டா உங்க விரதம் கெட்டுடும்னு ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். "பழமாச்சும் சாப்பிடுங்க."

"வேணாம். வயிறு கனத்தா மிதிக்க முடியாது."

"என்னங்க இது, சார்சியை விட்டீங்களா, சோத்தையே விட்டீங்களா?" என்றவள் ரத்னவேலின் பக்கம் திரும்பினாள். "ஏன் ரத்னவேல், உங்க கம்பெனி அவ்வளவு மோசமா? செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு கேட்டாராம், கிடைக்கலையாம்."

ரத்னவேல் பழத்தை விழுங்கியவாறே, "லீவு ஃபார்ம்ல கையெழுத்துப் போடறதே அண்ணன்தான் லா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தாம் எதைச் சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. பழத்தோலைப் போடக் குப்பைத்தொட்டியைத் தேடிக்கொண்டு சற்று அப்பால் போனார்.

ரெனீ கணவரை ஒருமுறை பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்லவியலாது. "தங்கச்சி வரா, பரவால்ல" என்றாள். "வெயிலுக்கு முன்னால போங்க."

ஜூலியஸ் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

செம்பவாங்கைக் கடந்து கிராஞ்சிப் பக்கம் திரும்பியதும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. வேலையாட்களை ஏற்றிய லாரிகள் சில எதிரே விரைந்தன. நாற்றுப் பண்ணைகளின் வேலிகள் ஒருபுறம் நீண்டுகொண்டே சென்றன. ஜூலியஸ் வேகத்தைக் கூட்டினார். மனைவியின் பார்வையை மிதித்துத் தள்ளிவிடலாம் என்று எண்ணினார் போலும். வியர்வை முழங்கையில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்தது. தாகமெடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் தீர்ந்தது. ஆயினும் உடல் தேறவில்லை. ஒரு கடையில் குப்பிகளை நிரப்பிக்கொண்டு மேலும் குடித்தார். வயிற்றில் தண்ணீர் குலுங்கும் ஓசை அவருக்கே கேட்டது.

லிம் சூ காங் சாலை நேராக ஓடுவது. அதன் முடிவு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும்; வந்து சேராது. முன்னே சென்ற ரத்னவேலின் மஞ்சள் சட்டை இரண்டாகத் தெரிந்தது. அவ்வளவு வெயிலிலும் ஜூலியஸுக்குக் குளிரெடுத்தது. கை நடுங்கியது. சாலை வளைந்து இடுகாடுகளின் பக்கம் வந்ததும், நிறுத்தலாம் என்று நினைத்தார். நினைப்பைக் கால் ஏற்கவில்லை. சைக்கிள் தானாகப் புல்வெளிக்குள் இறங்கிச் சாய்ந்தது. அவரும் அதனுடன் சாய்ந்தார்.

ரத்னவேல் திரும்பி ஓடி வந்து அவரை மரநிழலில் இழுத்துப் போட்டார். அடிபடவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது, உதடு உலர்ந்திருந்தது, பேச்சு குழறியது. ரத்னவேல் நசீரைக் கைப்பேசியில் அழைத்தார்; அவர் அருகில்தான் இருந்தார். வேன் சிறிது நேரத்தில் வந்து நின்றது.

நசீர் இறங்கி, இடப்புறம் பார்த்தார், வலப்புறம் பார்த்தார்.

"நல்ல இடமாப் பார்த்துதான்யா விழுந்திருக்கே. அந்தப் பக்கம் உங்க ஆளுங்க, இந்தப் பக்கம் எங்க ஆளுங்க. எங்க படுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"தண்ணி குடு" என்றார் ஜூலியஸ்.

"வேணாம் பாய், தண்ணி நெறயக் குடிச்சிட்டாரு" என்றார் ரத்னவேல். "காலையிலேர்ந்து தண்ணி மட்டும்தான். பழம் கொடுத்தா அதையும் வேணாம்னுட்டாரு."

நசீர் குனிந்து நண்பரின் முழங்கையிலிருந்த வெள்ளைப் படிவத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சைக்கிள் இருக்கையின் அடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே, போன மாதம் மடித்து வைத்த உப்புக் காகிதம் ஈரங்கசிந்து அப்படியே இருந்தது.

"உப்பைக் கூட வெச்சுக்கிட்டே வந்திருக்கே. போட்டுக்கலையா?"

"அது சார்சிக்கு" என்றார் ஜூலியஸ்.

சொன்ன மாத்திரத்தில் அந்தப் பதிலின் பேதைமை அவருக்கே உறைத்தது. சார்சியை விட்டபோது, அதனுடன் போன சர்க்கரையையும் உப்பையும் பற்றி அவர் எண்ணிப் பார்க்கவேயில்லை. ஆண்டுக்கணக்காக அவரைத் தீவைச் சுற்றி இழுத்து வந்தது எது என்பதை அறியாமல், அதை வெறும் இன்பமென்று எண்ணிக் கடவுளின் முன் வைத்துவிட்டார்.

நசீரின் வேனில், மாலையில் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக அடுக்கியிருந்த பானப் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைக் கிழித்து ஒரு டின்னை எடுத்து வந்தார். சார்சியேதான். வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது.

"மாட்டேன்" என்றார் ஜூலியஸ்.

"யோவ், எங்க நோன்புக்கே நோயாளிக்கும் பயணம் போறவனுக்கும் விலக்கு இருக்கு. அப்புறமா பிடிச்சுக்கலாம். நீ ரெண்டுமா இருக்கே. உங்கள்ல அப்படி ஒண்ணும் கிடையாதா?"

"இது சபை சொன்னதில்ல. நானாப் போட்டுக்கிட்டது."

"அப்ப சட்டம் போட்டவனும் நீதான், போலீஸும் நீதான். லஞ்சம் கொடுத்து வெளியே வா."

"பாய், சிரிப்பில்ல. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று ரத்னவேல் கைப்பேசியை எடுத்தார்.

"கூப்பிடு. வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏத்துவான். உப்பும் சர்க்கரையும்தான் ஏத்துவான். வாய் வழியாப் போகாதது கை வழியாப் போகும்" என்றார் நசீர்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் ஜூலியஸ் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தவாறே, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். ரெனீயின் கழுத்துக் கட்டி, செவ்வாய்க்கிழமை, பேருந்தில் செய்த நேர்ச்சை. சொல்லச் சொல்ல அது மிகச் சிறியதாகச் சுருங்குவதுபோல் இருந்தது.

நோன்பு பிடித்திருந்த நசீரின் கையில் அந்த டின் இருந்தது. அவருடைய உதடும் உலர்ந்துதான் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ரெனீகூட யாரு போறா?" என்று கேட்டார்.

"அவ தங்கச்சி."

"ஓ" என்றார் நசீர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜூலியஸ் ஏதேனும் சொல்லிச் சமாளித்திருப்பார்.

"திற" என்றார் ஜூலியஸ் கடைசியில்.

வேனில் குலுங்கி வந்த டின் அது. வளையத்தை இழுத்ததும் சீறிக்கொண்டு கிளம்பிய நுரை நசீரின் தாடியை நனைத்து, ஜூலியஸின் சட்டை முழுவதும் வழிந்தது. நசீர் வாயை இறுக மூடிக்கொண்டு, கைக்குட்டையால் மெல்ல மெல்லத் துடைத்த பிறகே பேசினார்.

"ரெண்டாவது தடவ! அன்னிக்காச்சும் நோன்பு இல்ல. ஒரு சொட்டு உள்ள போயிருந்தா, உன்னைத்தான் எனக்காக ஒரு நாள் பட்டினி போட்டிருப்பேன்."

ரத்னவேல் விழுந்து விழுந்து சிரித்தார். ஜூலியஸின் உதட்டிலும் ஏதோ ஒன்று அசைந்தது. டின்னில் பாதிதான் எஞ்சியிருந்தது. நசீர் அதைக் குப்பியில் ஊற்றி, ஈர உப்பைக் கிள்ளிப் போட்டு, ஜூலியஸ் செய்வதைப் போலவே சுழற்றிச் சுழற்றிக் காற்றைப் போக்கி நீட்டினார். ஜூலியஸ் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு குடித்தார். வெதுவெதுப்பான அந்தச் சார்சி குமட்டியது. ஆனாலும் இறங்கியது. பிறகு இன்னொரு டின். அதன் பிறகு ரத்னவேல் பையில் வைத்திருந்த, ரெனீ கொடுத்தனுப்பிய வாழைப்பழம்.

வானத்தில் ஒன்றும் நிகழவில்லை. இடுகாட்டின் பக்கம் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஜூலியஸின் கை நடுக்கம் நின்றது; மஞ்சள் சட்டை மீண்டும் ஒன்றானது. நேர்ச்சை முறிந்துவிட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். ரெனீயின் கட்டி எதுவாக இருந்ததோ அது ஊசி குத்திய அன்றே அதுவாகத்தான் இருந்தது என்பதும், மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. சார்சியை விடுவது அவருக்கு எளிதாக இருந்தது. அந்த அறைக்குள் போய் உட்காருவதே கடினமாக இருந்தது. எளியதைக் கடினமென்று காட்டிக் கடினமானதிலிருந்து தப்பித்துக்கொண்டார்.

ரத்னவேல் எஞ்சிய தூரத்தைத் தனியாகவே முடிப்பதாகச் சொன்னார். "தேக்கா போனதும் போட்டோ அனுப்புறேன் அண்ணே. உங்களுக்கும் சேர்த்து நான் ஒரு சார்சி குடிச்சிடறேன்." அவர் போனபின் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு நசீர் ஈசூனுக்கு வண்டியை விட்டார். புளோக்கின் கீழே இறக்கிவிடும்போது நசீர், "அடுத்த மாசம் நானும் வரேன். ஆனா உனக்கு முன்னாலதான் ஓட்டுவேன்" என்றார்.

ரெனீ சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேரத்துக்கு முன்னரே வந்து நின்ற கணவரையும் அவர் சட்டையின் கறையையும் பார்த்தாள்.

"என்னாச்சு? விழுந்தீங்களா?"

"கொஞ்சம் மயக்கம். அடி இல்ல. நசீர் கொண்டுவந்து விட்டான்."

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "சார்சி வாசம் அடிக்குது."

"குடிச்சிட்டேன்."

"குடிச்சாக் குடிச்சிட்டுப் போங்க. அதுக்கு ஏன் கொலை பண்ணிட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"உன் ரிசல்ட் நல்லா வரணும்னுதான் விட்டிருந்தேன்" என்றார் ஜூலியஸ். "நேர்ச்சை."

ரெனீயின் கை கழுத்துத் துணிக்குச் சென்றது. அங்கேயே சற்று நின்றது. அழுவாளோ என்று அவர் அஞ்சினார். அவள் அழவில்லை.

"எனக்காக சார்சியை விடச் சொல்லி நான் கேட்டேனா?" என்றாள். "நான் கேட்டது வேற."

அவள் மீண்டும் போய் உட்கார்ந்து கீரைக்கட்டைப் பிரித்தாள். குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. ஜூலியஸ் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நனைந்த சட்டையோடேயே உட்கார்ந்தார். அழுக்குச் சட்டையுடன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுவே முதன்முறை. ஒரு கீரைத்தண்டை எடுத்து, இலைகளைக் கிள்ளத் தொடங்கினார்.

"அந்த ரூம்ல மேசைமேல டிஸ்யூப் பெட்டி வெச்சிருப்பாங்க" என்றார்.

"வெச்சிருந்தா இருக்கட்டும். மூக்கு சிந்திக்கலாம்" என்றாள் ரெனீ. "தங்கச்சிய ஒன்பது மணிக்கே வரச் சொல்லிட்டேன்."

"வர வேணாம்னு சொல்லிடு."

"லீவு?"

"நான்தானே கையெழுத்துப் போடறேன்."

ரெனீ நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை உன்கூட நான் வரேன்" என்றார் ஜூலியஸ்.